வரிசையில் ஒரு சொல்

ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம். அவள் முதலில் கைப்பையை உள்ளே எறிந்தாள். அடுத்த நொடி முழங்கால் சிமென்ட்டில் தேய, தானும் உள்ளே புகுந்தாள்.

"ஏய், ஏய்! யாரும்மா அது?" கொக்கிக் கம்பியைப் பிடித்திருந்த கடைக்காரர் பதறிப்போனார். "முதுகு போயிருக்குமே! ஜெராக்ஸ்னா மூணு மணிக்கு வாங்க. சாப்பாட்டு நேரம்."

"ஜெராக்ஸ் வேண்டாம்." மூச்சு வாங்கியது. கழுத்தில் தையல் அளவு நாடா அப்படியே தொங்கியது. வேலைசெய்த இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள். "ஒற்றைச்சொல் நீங்கதானே நடத்துறீங்க?"

கடைக்காரர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஸ்பைரல் பைண்டிங் மெஷினுக்குப் பின்னால் டிபன் பாக்ஸைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அதைக் கேட்டு யாரும் இங்க வர்றதில்லையே. அட்ரஸ் யார் குடுத்தது?"

"லாயரோட குமாஸ்தா. எனக்கு நத்தையோட அடுத்த வார்த்தை வேணும். இப்பவே வேணும்."

கடைக்காரரின் கையிலிருந்த கம்பி நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

*

ஒற்றைச்சொல் ஒரு விளையாட்டாகத் தொடங்கியது. மூன்று வருடங்களுக்கு முன், கடைக்காரரின் மச்சான் குடும்பக் குழுவில் தினமும் நாற்பது செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தார். "ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைன்னு வெச்சா இவனெல்லாம் என்ன பண்ணுவான்?" என்று கடைக்காரர் கடுப்பில் கேட்டார். "செஞ்சுதான் பாருங்களேன்" என்றார் மனைவி. கடை வைப்பதற்கு முன் கம்ப்யூட்டர் கம்பெனியில் எட்டு வருடம் குப்பை கொட்டியவர் கடைக்காரர். இரண்டே வாரத்தில் ஒரு செயலியாகச் செய்துவிட்டார்.

விதிகள் கொஞ்சம்தான். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு சொல். அது பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் விழும். விழுந்ததை அழிக்க முடியாது, திருத்த முடியாது. சொந்தப் பெயர் கூடாது, பட்டப்பெயர்தான். ஆரம்பத்தில் சிலர் 'வரும்போதுபால்வாங்கிட்டுவா' என்று இடைவெளி விடாமல் ஒட்டிவைத்து ஏமாற்றினார்கள். உடனே ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு எழுத்து என்று கத்திரி போட்டார்.

அவசரப்படுகிறவர்களுக்காக வரிசை என்று ஒன்று. நாளைக்கு, நாளன்றைக்கு என்று முப்பது சொற்கள்வரை முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். எத்தனை சொல் காத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். என்ன சொல் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. அதுதான் அவர் கொடுத்த ஒரே வாக்கு.

பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். தலைமையகம் இந்தக் கடைதான். மூலையில் கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதற்குக் காற்று வீச ஒரு மேஜை விசிறி. கம்ப்யூட்டரின் தலையில்தான் அவர் மனைவி அவருடைய டிபன் பாக்ஸைச் சூடாக இருக்கட்டும் என்று வைப்பார்.

ஒன்பது நாள் முன்பு 'நத்தை' என்ற பெயரில் யாரோ புதிதாகச் சேர்ந்தார்கள். ஒரே மூச்சில் பத்துச் சொற்களை வரிசையில் வைத்தார்கள். முதல் நாள் விழுந்தது: மழையன்று.

"வந்துட்டார்யா கவிஞர்" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள்: ரொட்டி. மூன்றாம் நாள்: வண்டியை. சிரிப்பு பலத்தது. அடுத்து என்ன வரும் என்று ஆபீஸ்களில் டீ பந்தயம் கட்டினார்கள்.

நான்காம் நாள்: ஓட்டியது. ஐந்து: டிரைவர். ஆறு: இல்லை.

அன்றோடு சிரிப்பு நின்றது. ஊருக்கு அந்த வழக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நான்கு மாதங்களுக்கு முன், கொட்டும் மழையில், வளைவில் திரும்பிய ஒரு பேக்கரி வேன் சைக்கிளில் போன வாட்ச்மேனை அடித்துப்போட்டது. வேன் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் அவர் மழையிலேயே கிடந்தார். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் கோர்ட்டில் சொன்னார். மறுநாள் காலை வேன் டிரைவர் தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்துபோய், "நான்தான் ஓட்டினேன். வண்டியில நான் மட்டும்தான் இருந்தேன். பயத்துல நிறுத்தாமப் போயிட்டேன்" என்றான்.

ஏழாம் நாள்: நான். எட்டு: பார்த்தேன். இன்று பகல் பன்னிரண்டுக்கு ஒன்பதாவது சொல் விழுந்தது: ஓட்டியது.

அதன் கீழே சின்னக் கட்டத்தில், வரிசையில் ஒன்று.

*

"டிரைவர் என்னோட தம்பி" என்றாள் அவள். "நாளைக்குக் காலையில பத்தரைக்குத் தீர்ப்பு."

பைண்டிங் மெஷினுக்குப் பின்னாலிருந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நத்தையோட கடைசி வார்த்தை நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு விழும். ஒன்றரை மணி நேரம் லேட்டு."

"அட கடவுளே" என்றார் அந்த அம்மாள். "தேதியைச் சரியா கணக்குப் பண்ணி வெச்ச ஆளு நேரத்தை விட்டுட்டாங்களே. கோர்ட்டு எத்தனை மணிக்குன்னே தெரியாதவங்க போல."

"லாயர் என்ன சொல்றார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இன்னைக்குள்ள ஒரு பேர் வந்தா, காலையில எந்திரிச்சு நின்னு விசாரிக்க அவகாசம் கேப்பாராம். தீர்ப்பு சொன்னப்புறம் வந்தா..." அவள் கையை விரித்துக் காட்டினாள். "அஞ்சு வருஷமாவது உள்ள இருக்கணும்ங்கிறார்."

லாயர் இன்னொன்றும் கேட்டிருந்தார். ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஓர் உறுத்தல். விபத்து நடந்த அன்று மதியம் பேக்கரி அடுப்பில் தம்பியின் வலது உள்ளங்கை வெந்திருந்தது. கட்டுப் போட்ட கையோடு அந்த மழையில் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்தான்? கோர்ட்டில் கேட்டபோது, "பிடிச்சேன் சார்" என்று ஒரே வார்த்தையாக முடித்துவிட்டான். இன்று மதியம் போனில் அதைச் சொல்லிவிட்டு லாயர் கேட்டார்: "உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகம் எதுவும் இல்ல சார்" என்றாள். அது உண்மைதான்.

"அப்ப ஓடுங்க. உங்க தம்பிக்காக ஓடுங்க" என்று இந்தக் கடையின் விலாசத்தைக் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பச் செய்தார். யூனிபார்ம் தைக்கும் கூடத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தரியை அடுக்கின் நடுவிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

"ஊரே சொல்லுதே" என்றார் கடைக்காரர், குரலைத் தாழ்த்தி. "பேக்கரி முதலாளியோட பையன்தான்னு. உங்க தம்பிக்கு ஏதோ கொடுத்து வாயை அடைச்சிட்டாங்கன்னு."

அவள் வரும் வழியில் அந்தப் பேக்கரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். முன்பக்கக் கண்ணாடியில் யாரோ நேற்றுக் கல்லை விட்டிருந்தார்கள். அட்டையும் டேப்பும் ஒட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே முதலாளியின் பையன், இருபது வயதுகூட இருக்காது, துடைப்பத்தோடு குனிந்து ரொட்டித் தட்டுகளுக்கு அடியில் கண்ணாடித் தூள் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவு அவசரத்திலும் அவள் அரை நிமிடம் நின்று பார்த்தாள்.

"காட்டுங்க" என்றாள். "அந்த ஒரு வார்த்தைதான்."

"முடியாதும்மா."

"சார்..."

"கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் இதே இடத்துல நின்னு என் காலைப் பிடிச்சார். பொண்டாட்டி வரிசையில என்ன வெச்சிருக்கான்னு பாக்கணுமாம். காட்டல. ஒருத்தருக்குக் காட்டிட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு?"

"அது சந்தேகம்" என்றார் அவர் மனைவி. "இது ஜெயிலு. ரெண்டும் ஒண்ணா? அஞ்சு வருஷங்க. உங்களால அஞ்சு நிமிஷம் சாப்பாடு லேட்டானா தாங்க முடியல."

"நீ வேற ஏன்டி? மனசு இல்லாமயா சொல்றேன்? என்னாலயே பாக்க முடியாதபடிதான் பூட்டி வெச்சிருக்கேன். பன்னிரண்டு மணி ஆனாத்தான் பூட்டு திறக்கும்."

"பன்னிரண்டு மணின்னு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு யார் சொல்றது?"

கடைக்காரர் மனைவியை முறைத்தார்.

"போன மழைக்காலத்துல பெட்டிக்குள்ள கடிகார பேட்டரி செத்துப்போய், தேதி ஒரு நாள் முன்னாடி ஓடிச்சே. மறுநாள் வார்த்தையெல்லாம் அன்னைக்கே கொட்டி, ஊரே உங்களைத் திட்டலையா?"

கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த வழி அவருக்குத் தெரியாததல்ல. சொல்லாமல் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"தேதியை நகர்த்தினா நத்தையோடது மட்டும் வராது" என்றார் மெதுவாக. "வரிசையில வெச்சிருக்குற அத்தனை பேரோடதும் விழும். நாளைக்குன்னு ஆசையா வெச்சிருப்பாங்க. எவனோ ஒருத்தன் பொண்ணு கேக்க வெச்சிருப்பான்."

"ஒரு நாள் முன்னாடி கேட்டா அவன் கொறைஞ்சா போயிடுவான்?"

அவள் இப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள்.

"முதல்ல நான் மட்டும் பாக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"விழுறதுக்கு முன்னாடி. நான் மட்டும். அப்புறம் மத்தவங்க."

"அதுக்கு வழியே கிடையாதும்மா. உங்களுக்குத் தெரியுற அதே நொடியில பதினோராயிரம் பேருக்கும் தெரியும். பேர் தப்பா இருந்தாலும் சரி, பொய்யா இருந்தாலும் சரி, திரும்ப எடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க. நகர்த்தச் சொல்றீங்களா?"

பட்டென்று ஆமாம் என்று சொல்வாள் என்றுதான் கணவன் மனைவி இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் நாடாவை விரலிலிருந்து பிரித்து, மறுபடி சுற்றினாள்.

போன வாரம் ஜெயில் கம்பி வலைக்கு அப்பாலிருந்து தம்பி சொன்னது காதில் கேட்டது. 'அக்கா, நத்தையாம் ஆமையாம், உள்ள எல்லாரும் பேசிக்கிறாங்க. யாரு என்ன எழுதினாலும் நீ வாயைத் திறக்காதே. எனக்குச் சத்தியம் பண்ணியிருக்கே.' அவன் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து முன்வரிசை பெஞ்சில் உட்காரும் வாட்ச்மேனின் மனைவியும் நினைவுக்கு வந்தாள். அந்த அம்மாள் யாரையும் திட்டியதில்லை. ஒரே ஒரு முறை, வராந்தாவில், "நிறுத்தியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். தம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் குடுங்க" என்று சொல்லி அவள் போனை எடுத்தாள். "வீட்டுல பொண்ணு தனியா இருக்கா."

மணி இரண்டாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள் மகள்.

"கண்ணு, சாப்டியா?"

"சாப்டேன்."

"பரீட்சைக்குப் படிச்சியா?"

"ம்."

பதின்மூன்று வயது. நான்கு மாதமாக இப்படித்தான். மாமா ஜெயிலுக்குப் போனதிலிருந்து எது கேட்டாலும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் இந்த ஒற்றைச்சொல் பைத்தியம் பிடித்து வீட்டிலும் அப்படியே பேசுகிறார்கள் என்று தையல் கூடத்தில் மற்ற பெண்கள் சொன்னதால், மகளும் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்கு மாமாவுக்குத் தீர்ப்பு, தெரியும்ல?"

"தெரியும்."

"கண்ணு... கொஞ்ச நாள் பெரியம்மா வீட்டுல இருக்கச் சொன்னா இருப்பியா?"

இந்த முறை ஒரு வார்த்தை வருவதற்கே நேரமானது.

"எதுக்கு?"

"சும்மாதான். அப்புறம் சொல்றேன்."

போனை மடியில் வைத்தாள். எழுந்து நின்று, அளவு நாடாவை ஒழுங்காகச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள், அன்றைய வேலை முடிந்ததுபோல.

"நகர்த்துங்க சார்."

"நிச்சயமா?"

"எந்தப் பேர் வந்தாலும் அப்படியே போட்டோ எடுத்து லாயருக்கு அனுப்பிடுங்க. என்னைக் கேக்காதீங்க. நான் ஒருவேளை வேண்டாம்னு சொன்னாலும் அனுப்பிடுங்க." அவள் போனிலிருந்து நம்பரைச் சொல்லச் சொல்ல, கடைக்காரரின் மனைவி அதைத் தன் போனில் அடித்துக்கொண்டார். கடைசி வாக்கியம் அவருக்கு விசித்திரமாகப் பட்டது.

*

கடைக்காரர் பெட்டியின் தலையிலிருந்து தன் டிபன் பாக்ஸை எடுத்துக் கீழே வைத்தார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ தட்டினார். கறுப்புத் திரையில் இன்றைய தேதி வந்தது. இன்னும் ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேதி நாளையானது. மணி பதினொன்று ஐம்பத்தொன்பது. ஐம்பது நொடி. ஐம்பத்தைந்து.

பன்னிரண்டு.

சொற்கள் விழத் தொடங்கின. மன்னிச்சிடு. பல்வலி. சம்மதமா. பரவாயில்ல. தூக்கம். வந்துடேன். யார் யாரோ நாளைக்கென்று பத்திரப்படுத்தி வைத்தவை, ஒன்றன்மேல் ஒன்றாக, திரையை நிரப்பிக்கொண்டு ஓடின. நடுவில் 'கஞ்சன்' என்று ஒன்று ஓடியது. "அது நான் உங்க பொறந்தநாளுக்கு வெச்சது" என்று முணுமுணுத்தார் மனைவி. கடைக்காரர் சிரிக்கவில்லை. நத்தை என்று தட்டித் தேடினார்.

பக்கம் திறந்தது. பத்துச் சொற்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. கடைக்காரர் விரல் வைத்து, எழுத்துக்கூட்டும் குழந்தையைப்போல மேலிருந்து வாசித்தார்.

"மழையன்று... ரொட்டி... வண்டியை... ஓட்டியது... டிரைவர்... இல்லை. நான்... பார்த்தேன். ஓட்டியது..."

விரல் நின்றுவிட்டது.

கடைசிச் சொல்: அம்மா.

"அம்மாவா?" என்றார் கடைக்காரர் குழம்பிப்போய். "இது என்ன பேரு? யாரோட அம்மா? முதலாளி வீட்டு அம்மாவா? இதை வெச்சு லாயர் என்ன பண்ணுவார்?"

மனைவி போட்டோ எடுக்கத் தூக்கிய போன் கையில் அப்படியே இருக்க, அவர் ஸ்டூலின் அருகே நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, இல்லாத எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன.

தன் பெயர் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். வளைவில் எந்த மாடியிலோ, எந்தக் கடை ஓரத்திலோ நின்ற யாரோ ஒருவர் தன்னைப் பார்த்திருக்கிறார் என்றுதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். தன்னால் திறக்க முடியாத வாயை அந்த முன்பின் தெரியாத ஆள் திறந்துவிடட்டும் என்றுதான் இங்கே ஓடிவந்தாள்.

'கை எரியுதுக்கா, நீ ஓட்டு. ரெண்டு தெருதானே' என்று தம்பி சாவியை நீட்டிய மாலை அது. லைசென்ஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேனிலேயே அவன் சொல்லிக்கொடுத்திருந்தான். வளைவில் அந்தச் சத்தம். 'நிக்காதேக்கா, போ, போ' என்று அவன் கத்தியது. மறுநாள் விடியும்போது, 'உனக்கு ஒரு பொண்ணு இருக்கு, எனக்கு யார் இருக்கா' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியது. தங்கள் இருவரைத் தவிர அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் அன்று நினைத்தார்கள்.

வேனின் பின்பக்கம், காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, சாக்கை விரித்து, பள்ளிக்கூடப் பையைத் தலைக்கு வைத்து ஒருத்தி படுத்திருந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கையகலத்துக்குக் கம்பி ஜன்னல் உண்டு.

"அனுப்புங்க" என்றாள் அவள்.

"அனுப்புறேன்மா. ஆனா யாரோட அம்மான்னு கேப்பாரே?" என்றார் கடைக்காரர்.

"டிரைவரோட அக்கான்னு எழுதுங்க. காலையில பத்து மணிக்குக் கோர்ட்டுல இருப்பேன்னும் எழுதுங்க."

கடைக்காரரின் மனைவி போட்டோ எடுத்தார். அனுப்பினார். பிறகு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் உட்காரவில்லை. போனை எடுத்து மறுபடி வீட்டுக்கு அடித்தாள். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாகிவிட்டது. மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அங்கேயும் ஒரு திரையில் பத்துச் சொற்களும் ஒரு நாள் முன்னதாகவே நின்றிருக்க வேண்டும்.

"கண்ணு" என்றாள். "அன்னைக்கு வண்டியில பின்னாடி... நீ தூங்கிட்டுத்தானே இருந்தே?"

மேஜை விசிறி ஒரு பக்கம் திரும்பி, இன்னொரு பக்கம் திரும்பி வந்தது.

"இல்லம்மா."